மடிநோய் இருக்கிறதா? சர்ஃப் கரைசலை வைத்து வீட்டிலேயே பார்ப்பது எப்படி

மடி வீங்கி, தொட்டால் மாடு உதைத்து, பாலில் சீழும் இரத்தமும் வந்தால் அது மடிநோய் என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆளை ஏமாற்றுவது இன்னொரு வகை. மடி நன்றாக இருக்கும், பாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஒரே ஒரு காம்பில் மட்டும் கிருமி இறங்கியிருக்கும், கறவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நாம் தீவனத்தை மாற்றுவோம், தாது உப்பு வாங்கிப் போடுவோம், மாட்டை விற்ற தரகரைத் திட்டுவோம். வெளியே தெரியாத இந்த மடிநோயைப் பிடிக்கத்தான் கீழே உள்ள சோதனை.

ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். மடிக்குள் நாலு தனித்தனி அறைகள். ஓர் அறையின் பால் இன்னோர் அறைக்குப் போகாது. அதனால் நாலு காம்பையும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும். வாளியில் கலந்த பாலைச் சோதித்தால் மூன்று நல்ல காம்பின் பால் கெட்டதை மறைத்துவிடும்.

படி 1: மடியைத் தொட்டுப் பாருங்கள்

கறந்து முடித்த பிறகு தடவுங்கள். பால் இறங்கிய மடி மெத்தென்று துவள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக, சூடாக, கட்டியாகத் தட்டுப்பட்டால் அந்தக் காம்பைக் குறித்துக்கொள்ளுங்கள். தலைச்சன் கிடாரிக்குக் கன்று போடும் சமயத்தில் மடி முழுவதும் நீர் கோத்து வீங்குவது வேறு. விரலால் அழுத்தினால் குழி விழுந்து சற்று நேரம் அப்படியே நிற்கும், சூடோ வலியோ இருக்காது. அதற்குப் பயப்பட வேண்டாம்.

மடி சில்லென்று ஆகி நீலம் பாரித்தாலோ, பால் தண்ணீராக வந்து மாடு தீவனம் எடுக்காமல் படுத்துவிட்டாலோ சோதனையெல்லாம் அப்புறம். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

படி 2: முதல் பீச்சல்

ஒரு டம்ளரின் வாயில் கறுப்புத் துணியை இறுக்கிக் கட்டி, கறக்கத் தொடங்கும்போது வரும் முதல் இரண்டு மூன்று பீச்சல்களை அதன்மேல் விடுங்கள். திரி, துணுக்கு, தயிர்போல் கட்டி ஏதாவது இருந்தால் கறுப்பில் பளிச்சென்று தெரியும். இதைத் தினமும் செய்யலாம். அந்தப் பாலைத் தரையில் பீச்சிவிடாதீர்கள். மாடு அதே இடத்தில்தான் மடி பதியப் படுக்கும்.

படி 3: சர்ஃப் சோதனை

துணி துவைக்கும் சோப்புத் தூள் 3 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரையுங்கள். ஒரு லிட்டருக்கு 30 கிராம். நுரை அடங்கும்வரை வைத்திருங்கள்.

நாலு சின்னக் கிண்ணங்களில் முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று எழுதுங்கள். எழுதாமல் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், மாடு ஒரு தடவை திரும்பி நின்றால் எல்லாம் குழம்பிவிடும். முதல் பீச்சலைத் தள்ளிவிட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் பால் எடுத்து, அதே அளவு கரைசலை ஊற்றி, ஒரு நிமிடம் வட்டமாகச் சுழற்றுங்கள். பிறகு கிண்ணத்தைச் சாய்த்துப் பாருங்கள்.

தண்ணீராக ஓடினால் அந்தக் காம்பில் பிரச்சினை இல்லை. அடியில் இழை இழையாக வழுவழுப்பு தெரிந்தால் சந்தேகம், இரண்டு நாள் விட்டு மறுபடி பாருங்கள். முட்டையின் வெள்ளைக்கருபோல் மொத்தமாக நகர்ந்தால் நோய் இருக்கிறது. சுழற்றும்போதே நடுவில் குவிந்து நின்றால் கடுமையாக இருக்கிறது.

கிருமி புகுந்தால் அதோடு சண்டை போட இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் மடிக்குள் வந்து குவியும். சோப்பு அந்த அணுக்களை உடைக்கும்போது உள்ளிருக்கும் டிஎன்ஏ வெளியே வந்து பின்னிக்கொள்கிறது. அந்தக் குழகுழப்பைத்தான் நாம் பார்க்கிறோம். ஒரு மில்லி பாலில் இத்தகைய அணுக்கள் 2 லட்சத்தைத் தாண்டினாலே சந்தேகப்படுவது வழக்கம்.

1957-இல் ஷால்ம், நூர்லேண்டர் இருவரும் வெளியிட்ட கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனையும் இதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது. அதற்கு நாலு குழியுள்ள தட்டும் ஊதா நிறக் கரைசலும் கிட்டாகக் கிடைக்கும். விடையும் சில நொடிகளில் தெரிந்துவிடும். நிறைய மாடு வைத்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு மாட்டுக்குச் சர்ஃப் போதும்.

கன்று போட்ட முதல் வாரத்திலும், பால் வற்றும் சமயத்திலும் ஆரோக்கியமான மாட்டின் பாலும் குழகுழக்கும். அப்போது நாலு கிண்ணமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒன்று மட்டும் தனித்து நின்றால்தான் கவனிக்க வேண்டும்.

படி 4: ஆய்வகத்துக்கு மாதிரி

நோய் இருப்பதைத்தான் சர்ஃப் சொல்லும், எந்தக் கிருமி என்று சொல்லாது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஒரு மருந்துக்கு மசியும், ஈ.கோலை இன்னொன்றுக்கு. கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க மருத்துவமனை மூலம் பாலை அனுப்பலாம். மாதிரியை ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பற்றுப் போடுபவர்களும் மாதிரி எடுத்த பிறகு போடுங்கள்.

மடியைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்கும்போது தூரத்துக் காம்பில் தொடங்கி அருகில் உள்ளதற்கு வாருங்கள். பால் பிடிக்கும்போது அப்படியே தலைகீழ், அருகில் உள்ளதில் தொடங்குங்கள். இல்லாவிட்டால் துடைத்த காம்பில் கை உரசிவிடும். சுத்தமான குப்பியைச் சாய்த்துப் பிடித்து, மூடியின் உட்பக்கம் விரல் படாமல் சில மில்லி மட்டும் பிடியுங்கள். எந்தக் காம்பு, என்ன தேதி என்று எழுதி ஒட்டி, ஐஸ் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.

முடிவு வரும்வரை அந்த மாட்டைக் கடைசியாகக் கறந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊசி போட்ட பிறகு, மருத்துவர் சொல்லும் நாள்வரை நாலு காம்பின் பாலையும் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது, வீட்டுக்கும் எடுக்கக் கூடாது.