வடக்கு நார்ஃபோக்கில் ஞாயிற்றுக்கிழமை: எந்தக் கோயிலுக்குப் போவது?

லண்டனில் குடியேறும் தமிழ்க் கிறிஸ்தவருக்குப் பெரிய குழப்பம் வராது. தமிழ் ஆராதனை எங்கே நடக்கிறது, எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ வேலை கிடைத்து, இங்கிலாந்தின் கிழக்குக் கடலோரத்து வடக்கு நார்ஃபோக்கிற்கு வருகிறவரின் நிலைமை வேறு. க்ரோமர், ஷெரிங்ஹாம், ஹோல்ட், ஃபேக்கன்ஹாம், நார்த் வால்ஷம், வெல்ஸ் என்று சில சிறு நகரங்கள். மற்றதெல்லாம் வயலும் கிராமமும் கடற்கரையும்தான். தமிழ்ப் பாட்டு கேட்பது அரிது. கோயில்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. நார்ஃபோக் முழுவதிலுமாக இடைக்காலத்தில் கட்டப்பட்ட கோயில்களே அறுநூறுக்கு மேல் நிற்கின்றன. அவற்றில் பல, கம்பளி வியாபாரம் கொழித்த காலத்தில் எழுந்த கட்டடங்கள். சிக்கிமுக்கிக் கல் பதித்த சுவர்கள், சில ஊர்களில் வட்டக் கோபுரம், உள்ளே இருநூறு பேர் உட்காரும் இடம். ஞாயிறு காலையில் அங்கே பத்துப் பதினைந்து பேர் இருந்தால் நல்ல கூட்டம்.

ஊரில் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவர்கள் ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். 1947 செப்டம்பரில் சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டீரியன் சபைகள் ஒன்றாக இணைந்துதான் நம்முடைய சி.எஸ்.ஐ. பிறந்தது. அந்த மிஷன்களில் பலவற்றை அனுப்பிய இங்கிலாந்தில் அந்த இணைப்பு நடக்கவில்லை. காங்கிரிகேஷனல்காரர்களில் பெரும்பாலோரும் பிரெஸ்பிட்டீரியன்களும் 1972-ல் சேர்ந்து யுனைட்டெட் ரிஃபார்ம்டு சர்ச் ஆனார்கள். அதே ஆண்டில் ஆங்கிலிக்கன்–மெதடிஸ்ட் இணைப்பு முயற்சி தோற்றுப்போனது. 2003-ல் இருவரும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். இன்றும் தனித்தனியாகத்தான் இருக்கிறார்கள். ஊரில் ஒரே கூரையின் கீழ் நாம் பார்த்தது இங்கே ஒரே தெருவில் மூன்று பெயர்ப்பலகைகளாக நிற்கும்.

அதற்காக, நம் தாத்தா எந்த மிஷனில் ஞானஸ்நானம் பெற்றார் என்று தேடி, திருநெல்வேலி என்றால் ஆங்கிலிக்கன், நாகர்கோவில் அல்லது மதுரை என்றால் காங்கிரிகேஷனல் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கார் வாங்கும் வரைக்கும், நடந்துபோகும் தூரத்தில் இருப்பதே உங்கள் சபை. இந்த மாவட்டத்துக் கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமைப் பேருந்து மிகக் குறைவு. பல ஊர்களுக்கு இல்லவே இல்லை. நாரிச்சிலிருந்து நார்த் வால்ஷம், க்ரோமர் வழியாக ஷெரிங்ஹாம் வரை போகும் ரயில் ஓடுகிறது. அந்தப் பாதையில் வீடு கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

இங்கிலாந்துத் திருச்சபை எனப்படும் ஆங்கிலிக்கன் சபைதான் எங்கும் பரந்திருப்பது. நாட்டின் ஒவ்வோர் அங்குல நிலமும் ஏதாவது ஒரு பங்கில் சேர்ந்தது. ஆகவே வீட்டுச் சாவியை வாங்கிய அன்றே நீங்கள் ஒரு கோயிலின் எல்லைக்குள் வந்துவிட்டீர்கள், நீங்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி. ஒரு குருவானவரின் பொறுப்பில் ஐந்து, எட்டு, பத்துக் கோயில்கள்கூட இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரங்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஊரில் குருவானவர் வராத ஞாயிறன்று உபதேசியார் நடத்துவார். இங்கேயும் பயிற்சி பெற்ற சபையார் நடத்துவார்கள். சில இடங்களில் ஆராதனையே இராது. முதல் ஞாயிறு இந்த ஊரில், இரண்டாம் ஞாயிறு அடுத்த ஊரில் என்று முறை வைத்திருப்பார்கள். ஐந்தாம் ஞாயிறு வந்தால் எல்லோருக்கும் ஏதாவது ஓர் ஊரில் சேர்ந்த ஆராதனை. இது தெரியாமல் போன வாரம் நடந்த நேரத்துக்கே இந்த வாரமும் போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். வாசல் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் மாத அட்டவணை இருக்கும். முதல் வேலையாக அதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு சபைக்குள்ளேயே இருக்கும் வேறுபாடுதான் புதிதாக வருபவர்களைத் திகைக்க வைக்கும். ஒரு கோயிலில் சாம்பிராணிப் புகை, மாதா சுரூபம், பாவசங்கீர்த்தனம் என்று எல்லாம் இருக்கும். கத்தோலிக்கக் கோயிலுக்குள் தவறி நுழைந்துவிட்டோமோ என்று தோன்றும். இன்னொன்றில் கிட்டார், திரையில் பாடல் வரிகள், நீண்ட பிரசங்கம். மூன்றாவதில் பழைய ஜெப புத்தகத்தின்படி காலை எட்டு மணிக்குப் பாட்டே இல்லாத நற்கருணை. மூன்றுக்கும் பேராயர் ஒருவரே, நாரிச் பேராயர். திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துக்கும் மெய்ஞ்ஞானபுரத்துக்கும் உள்ள பழைய எஸ்.பி.ஜி. – சி.எம்.எஸ். மிஷனரிச் சங்க வித்தியாசத்தை, அதாவது சடங்குக்கு முதலிடமா பிரசங்கத்துக்கு முதலிடமா என்பதை, வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த இரண்டு சங்கங்களும் இங்கிலாந்திலிருந்து வந்தவைதான். வித்தியாசமும் இங்கே பிறந்ததே. ஒரு கோயில் மனதுக்கு ஒட்டவில்லை என்றால் அடுத்ததற்குப் போங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆங்கிலிக்கன் கோயில்களில் நற்கருணை வாங்க, திரித்துவத்தை நம்பும் எந்தச் சபையிலும் ஞானஸ்நானம் பெற்று நற்கருணைப் பங்காளராக இருப்பது போதும். சி.எஸ்.ஐ.யோடு முழு ஐக்கியமும் உண்டு. கிண்ணத்தில் இருப்பது உண்மையான திராட்சை மது. வேண்டாம் என்றால் அப்பம் மட்டும் வாங்கினாலும் அது முழு நற்கருணைதான். மெதடிஸ்ட் கோயில்களில் மது கலவாத சாறு சின்னச் சின்னக் குவளைகளில் வரும். கத்தோலிக்கத் திருப்பலியில் கத்தோலிக்கர் அல்லாதவர்கள் பொதுவாக நற்கருணை வாங்குவதில்லை. கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு முன்னே போனால் பல கோயில்களில் ஆசீர் கொடுப்பார்கள்.

செருப்பைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் கல்தரையின் குளிர் எலும்பு வரை ஏறும். முக்காடு கட்டாயமில்லை. வெள்ளைச் சேலை உடுத்திப் போனால் எல்லோரும் பாராட்டுவார்கள். மேலே கனமான கோட் மட்டும் இருக்கட்டும், ஏனெனில் பல பழைய கோயில்களில் வெப்பமூட்டி என்பது பெயருக்குத்தான். ஆராதனை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உடனே கிளம்பிவிடாதீர்கள். பின்பக்கத்தில் காபியும் பிஸ்கட்டும் கொடுக்கும் அரை மணி நேரத்தில்தான் இந்த ஊர்க்காரர்கள் வாயைத் திறப்பார்கள். ஆராதனையில் அமைதியாகத் தலையசைத்துவிட்டு இருந்த பெரியவர், காபி கையில் வந்த பிறகு, உங்களை அடுத்த வாரம் காரில் கூட்டிவருவதாகச் சொல்வார். ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டு முறை மறுத்தால், உங்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு மூன்றாவது முறை கேட்க மாட்டார்.

சந்தாப் புத்தகம் இங்கே இல்லை. காணிக்கை உங்கள் விருப்பம். இங்கே வருமான வரி கட்டுபவராக இருந்தால் ‘கிஃப்ட் எய்டு’ என்ற படிவத்தில் கையெழுத்திடுங்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் சபைக்குப் போகும், உங்களுக்குச் செலவு இல்லை. சபைக் கூட்டத்தில் வாக்களிக்க, பங்கின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அதற்கும் கட்டணம் கிடையாது. சபைத் தேர்தல் என்றால் வழக்கு, காவல்துறை என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இங்குள்ள வருடாந்திரக் கூட்டம் ஏமாற்றமாகவே இருக்கும். கோயில்விசாரணை செய்ய ஆள் கிடைக்காமல் கெஞ்சுவார்கள்.

மெதடிஸ்ட் கோயில்கள் அளவில் சிறியவை, மனிதர்களில் நெருக்கமானவை. இந்தப் பக்கத்தில் அவற்றுக்கு ஒரு தனிக் கதை உண்டு. பங்குக் கோயிலில் நிலக்கிழாரும் பாதிரியாரும் முன்வரிசையில் இருக்க, பண்ணைத் தொழிலாளிகள் சேப்பல் எனப்படும் சிறு செங்கல் கோயில்களைத் தமக்கெனக் கட்டிக்கொண்டார்கள். அங்கேதான் அவர்கள் கூட்டத்தில் எழுந்து பேசக் கற்றார்கள். ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற நார்ஃபோக் பண்ணைக்கூலி படிப்பறிவில்லாதவர். சேப்பலில் பிரசங்கம் செய்வதற்காக மனைவி சார்லட்டிடம் எழுத்துக் கற்றார். அவர் 1906-ல் நார்த் வால்ஷமில் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி, பிறகு நாடாளுமன்றத்துக்கும் போனார். அந்தச் சேப்பல்களில் பல இன்று வீடுகளாகிவிட்டன. மிஞ்சியிருப்பவற்றில் போதகர் வாரம் ஒருவராக மாறுவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அச்சிடப்படும் திட்டத்தாளில் யார், எங்கே என்று இருக்கும். சத்தமாகப் பாடுவார்கள். பாமாலைகளின் ராகம் பாதிக்கு மேல் நமக்குத் தெரிந்தவைதான், வரியை மட்டும் பார்த்துப் பாடினால் போதும்.

கத்தோலிக்கர்களுக்குத் தேர்வு குறைவு. ஆகவே குழப்பமும் குறைவு. க்ரோமர், ஷெரிங்ஹாம், வால்சிங்ஹாம் என்று சில இடங்களில்தான் கோயில். ஷெரிங்ஹாமின் புனித சூசையப்பர் கோயிலை வடிவமைத்தவர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். தெருமுனைச் சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் லிவர்பூல் ஆங்கிலிக்கன் பேராலயமும் அவர் கைவண்ணமே. திருப்பலியில் கேரளத்துச் செவிலியர்களும் பிலிப்பைன்ஸ், போலந்துக் குடும்பங்களும் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். பங்கில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளின் திருமுழுக்குச் சான்றிதழை ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். புதுநன்மைக்கும் பின்னாளில் திருமணத்துக்கும் அதைக் கேட்பார்கள்.

வால்சிங்ஹாமுக்குத் தனியாகவே ஒரு நாள் ஒதுக்க வேண்டும். 1061-ல் ரிச்செல்டிஸ் என்ற சீமாட்டிக்கு மாதா காட்சி தந்து, நாசரேத்து வீட்டைப் போல ஒன்று கட்டச் சொன்னார் என்பது மரபு. எட்டாம் ஹென்றி இளமையில் இங்கே வெறுங்காலுடன் வந்ததாகச் சொல்வார்கள். 1538-ல் இதை இடிக்க வைத்தவரும் அவர்தான். இப்போது ஒரே சிற்றூரில் ஆங்கிலிக்கன் திருத்தலம் ஒன்று, ஒரு மைல் தள்ளி ஹவுட்டன் செயின்ட் ஜைல்ஸில் கத்தோலிக்கத் தேசியத் திருத்தலம் ஒன்று, பதினெட்டாம் நூற்றாண்டு மெதடிஸ்ட் சேப்பல் ஒன்று, பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் அமைந்த ஆர்த்தடாக்ஸ் ஆலயம் ஒன்று. கத்தோலிக்கத் திருத்தலத்தின் சிறு கோயிலில் யாத்திரிகர்கள் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு எஞ்சிய மைலை வெறுங்காலுடன் நடப்பது பழைய வழக்கம். வேளாங்கண்ணிக்கு நடந்துபோனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் கோடையில் இலங்கைத் தமிழர்கள் பெருவாரியாகத் திரளும் தமிழ் யாத்திரையும் அங்கேயே நடக்கிறது. இலங்கையில் மடு மாதாவிடம் போவதைப் போல இந்துக்களும் வருகிறார்கள். ஆண்டு முழுக்கத் தமிழ் கேட்காத காதுக்கு அந்த ஒரு நாள் பெரிய விருந்து. அன்றைக்கு விடுப்பு வேண்டுமென்று பணிமுறை அட்டவணை போடுபவரிடம் வசந்த காலத்திலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.

சிறிய சபைகளைப் பற்றிச் சுருக்கமாக. பாப்டிஸ்ட் சபைகள் ஃபேக்கன்ஹாம், ஷெரிங்ஹாம் போன்ற ஊர்களில் உண்டு. முழுக்கு ஞானஸ்நானம், விரிவான வேதபாடம். குவேக்கர்கள் போதகரோ பாட்டோ இல்லாமல் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். இரவுப் பணி முடித்து வந்தவர்கள் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெந்தெகொஸ்தே பாணியில் ஆராதிக்கும் புதிய சபைகள் பள்ளிக் கூடங்களையும் சமுதாய மண்டபங்களையும் வாடகைக்கு எடுத்து நடத்துகின்றன. இளம் குடும்பங்கள் அங்கேதான் அதிகம். பிள்ளைகளுக்குத் தோழர்கள் வேண்டுமென்றால் அதை யோசிக்கலாம். எந்தச் சபையிலானாலும் பிள்ளைகளோடு தொண்டு செய்ய முன்வந்தால், குற்றப்பின்னணிச் சரிபார்ப்புக்கு உங்களை உட்படுத்துவார்கள். அது எல்லோருக்கும் உள்ள விதி. உங்கள் மீது சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தச் சரிபார்ப்பும் கேட்காத, சம்பளத்தில் பத்தில் ஒன்றை முதல் வாரமே கேட்கிற, வேறெங்கும் போகக் கூடாது என்று சொல்கிற இடத்தை விட்டு விலகியிருங்கள்.

கிறிஸ்தவர் அல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் நிறைய இங்கிலாந்துத் திருச்சபைப் பெயரில் இயங்குபவை. அவற்றில் ஒரு வகைப் பள்ளிகளில் சேர்க்கையைக் கவுண்ட்டி நிர்வாகமே பார்க்கிறது. மத நிபந்தனை இல்லை. இன்னொரு வகை சொந்த விதிகள் வைத்திருக்கும். விண்ணப்பிக்கும் முன் அவற்றைப் படித்துவிடுங்கள். பள்ளி வழிபாட்டிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. மழலையர் குழு, குளிர்காலத்தில் சூடான அறையும் சூப்பும், உணவு வங்கி எல்லாம் கோயில் மண்டபங்களிலேயே நடக்கும். யாரும் மதம் கேட்பதில்லை. பிறந்தநாளுக்கோ பொங்கலுக்கோ இடம் வேண்டுமென்றாலும் அந்த மண்டபத்தையே வாடகைக்குக் கேட்கலாம். சமையலறையும் சேர்ந்து கிடைக்கும்.

கோயிலில் திருமணம் செய்ய எண்ணுபவர்கள் கவனிக்க: இங்கே ஓலை வாசிப்பது, அதாவது திருமண அறிவிப்பைக் கோயிலில் வாசிப்பது, பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்குப் பொருந்தும் ஏற்பாடு. மற்றவர்கள் பொதுவாக முதலில் அரசுப் பதிவாளர் அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்குப் பல வாரங்கள் ஆகும். மண்டபம் பிடிப்பதற்கு முன்பே குருவானவரிடம் பேசிவிடுங்கள்.

பண்டிகைகளில் சில ஏமாற்றங்கள் காத்திருக்கின்றன. அறுப்பின் பண்டிகை உண்டு, ஏலம் கிடையாது. டின் உணவுகளைக் கொண்டுவந்து வைப்பார்கள், அவை உணவு வங்கிக்குப் போகும். பெரிய வெள்ளியன்று, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம் என்று எதிர்பார்க்காதீர்கள். அன்று பல ஊர்களில் எல்லாச் சபையாரும் சேர்ந்து ஒரு சிலுவையைச் சுமந்து கடைவீதி வழியாக நடப்பார்கள். மூன்று பெயர்ப்பலகைக்காரர்களையும் ஒன்றாகப் பார்க்கும் நாள் அது, தவறவிடாதீர்கள். கிறிஸ்துமஸுக்குக் கூட்டம் நிரம்பி வழியும், ஆண்டு முழுக்க எட்டிப்பார்க்காதவர்களும் வருவார்கள். டிசம்பர் 31 நள்ளிரவுதான் கஷ்டம். நம் ஊரில் கோயில் வாசல் வரை கூட்டம் நிற்கும் அந்த நேரத்தில் இங்கே பெரும்பாலான கோயில்கள் பூட்டிக் கிடக்கும். அக்கம்பக்கத்துத் தமிழ், மலையாளக் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, நவம்பரிலேயே குருவானவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சாவியைத் தந்துவிடுவார். வெப்பமூட்டியை எப்போது போடுவது என்றும் சொல்லித் தருவார்.