மாதவிடாய் நின்ற பிறகு வந்த எரிச்சல்: எனக்குச் சரியான விதம்

எச்.ஐ.வி.க்கு ஏஆர்டி மாத்திரை (வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து) எடுக்கும் என்னைப் போன்ற பெண்களுக்காக எழுதுகிறேன், ஏனென்றால் இதை நம்மிடம் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எனக்குப் பிறப்புறுப்பில் வறட்சி, சிறுநீர் போகும்போது எரிச்சல், கணவரோடு சேரும்போது தாங்க முடியாத வலி. ஒரு கிளினிக்கில் பரிசோதிக்காமலேயே, எச்.ஐ.வி. இருந்தால் இப்படித்தான் என்று சொல்லி பூஞ்சைத் தொற்றுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குறையவே இல்லை.

ஏஆர்டி மையத்து கவுன்சிலர் அக்காதான் பெண்கள் மருத்துவரிடம் அனுப்பினார். அவர் பார்த்துவிட்டு, இது தொற்று இல்லை, ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் உள்தோல் மெலிந்திருக்கிறது என்று சொல்லி, உள்ளே போடும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதிக் கொடுத்தார். முதலில் தினமும் இரவில், அப்புறம் வாரம் 2 முறை. ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதால் ஏஆர்டி மாத்திரையோடு மோதாது என்றார். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும் காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். சில வாரங்களில் எரிச்சல் போனது, வலியும் நன்றாகக் குறைந்தது.

உறவுக்குத் தண்ணீர் சார்ந்த ஜெல்தான் சரி. தேங்காய் எண்ணெய் ஆணுறையைப் பலவீனமாக்கிவிடும், சில க்ரீம்களும் அப்படித்தான்.

எலும்புக்குக் கால்சியம் போடுகிறவர்கள் கவனியுங்கள்: ஏஆர்டி மருந்துகளில் ஒன்றான டொலுடெக்ராவிரை அதோடு வெறும் வயிற்றில் போட்டால் அந்த மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரண்டையும் சாப்பாட்டோடு போடலாம், இல்லையென்றால் டொலுடெக்ராவிரைக் கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போடுங்கள்.

மாதவிடாய் நின்றாலும் கருப்பை வாய்ப் பரிசோதனையை விடாதீர்கள். நமக்கு அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 6 மடங்கு. திரும்ப ரத்தம் பட்டால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.