டர்பனிலிருந்து ஜோபர்க் வரை: மின்சார ஸ்போர்ட்ஸ் காரின் உண்மையான ரேஞ்சை நீங்களே கணக்கிடலாம்

போர்ஷே டைகான், ஆடி ஈ-ட்ரான் ஜிடி, பிஎம்டபிள்யூ ஐ4 எம்50 மாதிரியான கார் வாங்கும் யோசனையில் இருக்கும் டர்பன்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணா, லெனேசியா வரைக்கும் போகுமா?" லெனேசியா ஜோபர்க் (ஜோஹானஸ்பர்க்) பக்கத்து ஊர். அக்கா வீடோ, அத்தை மகன் கல்யாணமோ, நம்மில் பலருக்கு அந்தப் பயணம் வருடத்தில் சில முறையாவது உண்டு. ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், விளம்பரத்தில் 400, 450, 500 கி.மீ. என்று போட்டிருப்பார்கள். அந்த எண் பொய்யில்லை. ஆனால் நம் சாலையில் எடுத்த எண்ணும் இல்லை. டர்பனிலிருந்து ஜோபர்க் போகும் என்3 நெடுஞ்சாலை கடல் மட்டத்தில் தொடங்கி 1,700 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிற சாலை. அதற்கான எண்ணை நாமே கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கணக்கே போதும்.

படி 1: விளம்பர எண் எந்தச் சோதனையில் வந்தது என்று பாருங்கள்

இங்கே பெரும்பாலும் காட்டப்படுவது டபிள்யூஎல்டிபி எண். ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறையில் இருக்கும் சோதனை அது. காரை ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் நிறுத்தி, 30 நிமிடத்தில் சுமார் 23 கி.மீ. ஓட்டுவார்கள். சராசரி வேகம் மணிக்கு 46 கி.மீ. சொச்சம்தான். உச்ச வேகம் 131-ஐத் தொட்டாலும் அது கொஞ்ச நேரத்துக்கே. ஏசி கிடையாது, ஏற்றம் கிடையாது.

அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ தரும் எண் இதைவிடக் குறைவாக வரும். 2020 டைகான் டர்போ எஸ் காருக்கு டபிள்யூஎல்டிபி 388 முதல் 412 கி.மீ. வரை சொன்னது, இபிஏ 309 கி.மீ. என்றது. கார் ஒன்றுதான், சோதனைதான் வேறு. அப்புறம், நிஜ ஓட்டம் எப்போதும் குறைவாகத்தான் வரும் என்றும் நினைத்துவிடாதீர்கள். டைகான் 4எஸ் காருக்கு இபிஏ எண் 327 கி.மீ. எட்மண்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அதை நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து ஓட்டிப் பார்த்தபோது 520 கி.மீ. போனது. ஆக, சாலையும் வேகமும் என்னவென்று சொல்லாத எந்த எண்ணையும் நம்பிப் பயணம் கிளம்பக் கூடாது.

படி 2: பேட்டரியில் பயன்படுத்தக்கூடிய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்

பேட்டரிக்கு இரண்டு அளவு உண்டு: மொத்தம் ஒன்று, ஓட்டுவதற்குக் கிடைப்பது ஒன்று. அந்த டர்போ எஸ் காரில் மொத்தம் 93.4 கிலோவாட் மணி. நமக்குக் கிடைப்பது 83.7. இரண்டாவதுதான் வேண்டும். ஒரு கிலோவாட் மணி என்பது ஒரு யூனிட். வீட்டு ப்ரீபெய்ட் மீட்டரில் டோக்கன் போட்டு வாங்குகிறோமே, அதே யூனிட்.

படி 3: 100 கி.மீ.க்கு எத்தனை யூனிட் ஆகிறது என்று அளந்து பாருங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இது முக்கியம். டெஸ்ட் டிரைவ் கேட்கும்போதே கொஞ்சம் நீளமாகக் கேளுங்கள். என்2-வில் டர்பனிலிருந்து பல்லிட்டோ வரை போய்த் திரும்பினால் போதும். கிளம்பும் முன் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். க்ரூஸ் கண்ட்ரோலில் 110 வையுங்கள். போக வர இரண்டு பக்கமும் கட்டாயம் ஓட்ட வேண்டும். நம் கடற்கரையின் வடகிழக்குக் காற்று ஒரு பக்கம் எதிர்த்து நின்று, மறுபக்கம் தள்ளிவிடும். ஒரு பக்க எண்ணை மட்டும் எடுத்தால் கணக்கு தப்பும். முடிந்தால் 120-இலும் ஒரு முறை பாருங்கள்.

வேகத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? காற்றின் எதிர்ப்பை வெல்ல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் ஆற்றல், வேகத்தின் வர்க்கத்தைப் போல ஏறும். 100-இலிருந்து 120-க்குப் போனால் அந்தப் பங்கு மட்டும் 44 சதவீதம் கூடும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் வேகமெடுப்பதில்தான் பேட்டரி தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடு 2,450 கிலோ எடையுள்ள காரை நின்ற இடத்திலிருந்து 100-க்குக் கொண்டுபோக, இழப்புகளையும் சேர்த்து சுமார் 0.3 யூனிட்தான் ஆகும். பிரேக் பிடிக்கும்போது அதிலும் ஒரு பகுதி திரும்பி வரும். ரோபாட்டில் (டிராஃபிக் சிக்னலில்) பச்சை விழுந்ததும் ஒரு முறை ஆசைதீர மிதித்தால் ஜோபர்க் பயணம் கெடாது. அந்த வேகத்திலேயே மூன்று மணி நேரம் போவதுதான் கெடுக்கும்.

இன்னொன்று: விலைப்பட்டியலில் உள்ள டபிள்யூஎல்டிபி யூனிட் கணக்கு, சார்ஜ் செய்யும்போது வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்தது. டிரிப் மீட்டரில் அது சேராது. இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்; ரேஞ்ச் கணக்குக்கு டிரிப் மீட்டர் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஏற்றத்தைக் கூட்டுங்கள்

ஒரு டன் எடையை 100 மீட்டர் உயர்த்த, இழப்போடு சேர்த்து ஏறக்குறைய 0.3 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்பனிலிருந்து என்3-இல் வரும் ஹாரிஸ்மித் ஊர் சுமார் 300 கி.மீ.; உயரம் 1,600 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நம் கார் 2.45 டன். ஆகவே 2.45 × 16 × 0.3 = சுமார் 12 யூனிட். ஹாரிஸ்மித்துக்கு முன்னால் வரும் வான் ரீனன் கணவாய் வரை ஏறுவதற்கு மட்டுமே இது.

சரி, எல்லாவற்றையும் சேர்ப்போம். 120-இல் உங்கள் அளவு 24 யூனிட் என்று வந்தால், 300 கி.மீ.க்கு 72; ஏற்றத்துக்கு 12. மொத்தம் 84. பேட்டரியில் இருப்பதோ 83.7! விளம்பரத்தில் 412 கி.மீ. என்று போட்ட கார், ஹாரிஸ்மித்தைக் கண்ணில் பார்க்கும் முன்பே நின்றுவிடும். 110-இல் 21 யூனிட் வந்தால் 63 + 12 = 75. கிட்டத்தட்ட 9 யூனிட் மிச்சத்தோடு போய்ச் சேரலாம். பத்து கி.மீ. வேகம் இவ்வளவு வித்தியாசம் செய்கிறது.

ஹாரிஸ்மித் தாண்டினால் நிலைமை இளகும். சாலையில் பெரிய ஏற்றம் இல்லை. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தியும் கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே 120 அங்கே குறைவான யூனிட்டில் ஓடும்.

படி 5: சக்கரமும் ஏசியும்

பெரிய சக்கரம் அழகுதான், ஆனால் அதற்கு விலை உண்டு. 2022 ஐ4 எம்50 காருக்கு இபிஏ தந்த எண் 19 அங்குலச் சக்கரத்தில் 436 கி.மீ., 20 அங்குலத்தில் 365. நான் வாங்கினால் சிறியதைத்தான் எடுப்பேன்.

ஏசிக்கு நெடுஞ்சாலையில் 100 கி.மீ.க்கு ஒன்றிரண்டு யூனிட் சேருங்கள். நெரிசலில் இது கூடும், ஏனென்றால் ஏசி மணிக்கணக்கில் தின்னும், கிலோமீட்டர் கணக்கில் இல்லை. ஜூன், ஜூலையில் ஹாரிஸ்மித் பக்கம் விடியற்காலையில் உறைபனி விழும். அப்போது ஹீட்டருக்கும் குளிர்ந்த பேட்டரிக்கும் சேர்த்துக் கூடுதலாகவே ஒதுக்குங்கள்.

படி 6: கையிருப்பும் சார்ஜும்

பத்து சதவீதத்தைத் தொடாமல் வையுங்கள். போய்ச் சேரும் சார்ஜர் பழுதாகவோ மின்சாரம் இல்லாமலோ இருந்தால் அடுத்ததற்குப் போக வேண்டுமே. 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடும் என்பதால், வழியில் நிறுத்தும்போது 80-ஓடு கிளம்புவது நல்லது. அப்படியானால் நிறுத்தங்களுக்கு இடையே கையில் இருப்பது பேட்டரியில் 70 சதவீதம், அதாவது நம் காரில் சுமார் 58 யூனிட். வழியில் ஏற்றமோ ஏசியோ இருந்தால் அதற்கான யூனிட்டை முதலில் இதிலிருந்து கழித்துவிடுங்கள். மிச்சத்தைப் படி 3-இல் வந்த எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். சமதளத்தில், ஏசி இல்லாமல், 21 யூனிட் என்றால் 276 கி.மீ. வழியைத் திட்டமிட இந்த எண் போதும்.

திரும்பி வரும்போது ஹாரிஸ்மித்தில் பேட்டரியை நிரப்பிவிடாதீர்கள். வான் ரீனன் இறக்கத்தில் மோட்டார் திருப்பித் தரும் மின்சாரத்தை ஏற்க பேட்டரியில் இடம் வேண்டும்.