ஃபோர் வீலர் என்றால் கார் இல்லை: வண்டிப் பெயரில் செய்யும் தவறுகள்

வேலூரில் படித்துவிட்டு வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் உச்சரிப்புக்கும் இலக்கணத்துக்கும் படாத பாடு படுகிறார்கள். வண்டிப் பெயர்களை மட்டும் யாரும் சட்டை செய்வதில்லை. பைக், ஆட்டோ, டிராக்டர் எல்லாம் இங்கிலீஷ்தானே, அப்படியே சொன்னால் போச்சு என்று நினைப்பு. அதுதான் முதல் தவறு. சொல் அதேதான், ஆனால் கேட்பவர் மனதில் வந்து நிற்கிற வண்டி வேறு.

இது அதிகம் இடிப்பது விபத்துக் கேஸில். "டூ வீலரில் வந்தவரை ஃபோர் வீலர் இடித்துவிட்டது" என்று வேலூர் பாகாயத்தில் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. அமெரிக்காவில் ஃபோர் வீலர் என்றால் பண்ணையிலும் காட்டுப் பாதையிலும் ஓட்டுகிற, ஹேண்டில்பாரும் தடித்த டயரும் வைத்த நாலு சக்கர பைக். ஆட்டோ மோதியது என்று மாற்றிச் சொன்னால் இன்னும் மோசம், அங்கே ஆட்டோ என்பது கார். பைக் என்ற சொல்லும் கைகொடுக்காது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது சைக்கிளாகவும் இருக்கலாம், மோட்டார் சைக்கிளாகவும் இருக்கலாம். எந்த வேகத்தில் விழுந்தார், எந்தக் காயத்தைத் தேட வேண்டும் என்பதே அதை வைத்துத்தான் என்பதால், நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைத்து விவரம் சொல்கிற ஹேண்ட்ஓவரில் கார், மோட்டார் சைக்கிள், சைக்கிள் என்று முழுசாகச் சொல்லிவிடுங்கள். பின்சீட்டில் இருந்தவரைப் பில்லியன் என்பது பிரிட்டனில் செல்லும். அமெரிக்காவில் பாசஞ்சர் என்றால்தான் சட்டென்று விளங்கும்.

அப்புறம் சைலன்சர். பைக்கிலிருந்து இறங்கும்போது கெண்டைக்காலின் உள்பக்கம் சுட்டு, தோல் உரிந்து, பிறகு கறுத்துப்போகிற தழும்பு நம் பக்கத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது! அதை 'சைலன்சர் பர்ன்' என்று சொல்லியே நமக்குப் பழக்கம். அமெரிக்கர் காதில் சைலன்சர் என்பது துப்பாக்கி முனையில் மாட்டுகிற குழாய். எக்ஸாஸ்ட் பர்ன் என்று சொல்லுங்கள், எங்கும் புரியும்.

டிராக்டர் டிரெய்லர் என்றதும் திருவலம் பக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போவதுதான் நம் கண்ணில் வரும். அமெரிக்காவில் அதே சொல் கன்டெய்னர் இழுக்கிற பதினெட்டு சக்கர லாரியைக் குறிக்கும். அதற்கு அங்கே செமி என்றும் செல்லப் பெயர் உண்டு. பிரிட்டனில் போய் செமி என்றால், பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்கு போட்ட வீடு என்று எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அந்த லாரி ஆர்ட்டிக்.

டிக்கி பிரிட்டனில் பூட், அமெரிக்காவில் டிரங்க். ஸ்டெப்னிக்கு ஸ்பேர் வீல் போதும். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் பிறந்த பெயர் அது. பிரிட்டிஷ்காரர்களே மறந்துவிட்டார்கள், நாம்தான் இன்னும் கட்டிக் காக்கிறோம்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. போய் இறங்கிய வாரமே உள்ளூர்க் கொச்சையை வாரிப் போட்டுப் பேசுவது. பின்னால் திறந்த தட்டு வைத்த பிக்கப் வண்டி ஆஸ்திரேலியாவில் யூட், தென்னாப்பிரிக்காவில் பக்கி. நாம் திட்டுகிற பக்கி மாதிரியேதான் காதில் விழும், சிரித்துவிடாதீர்கள். நோயாளி சொல்லும்போது புரிந்தால் போதும். கேஸ் ஷீட்டில் பிக்கப் என்றே எழுதலாம்.

வளைகுடாவுக்கு டிரைவர், ஆபரேட்டர் வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு விதமான குழப்பம். சவூதி விளம்பரத்தில் 'டைனா டிரைவர்' என்றிருந்தால் சின்ன லாரி ஓட்ட ஆள் தேடுகிறார்கள். டொயோட்டாவின் டைனா அங்கே பொதுப்பெயராகிவிட்டது. 'ஷவல் ஆபரேட்டர்' என்பதைப் பார்த்து மண்வெட்டி வேலை என்று தள்ளிவிடாதீர்கள், அது முன்னால் பெரிய வாளி வைத்த வீல் லோடர். பயோடேட்டாவில் 'ஹிட்டாச்சி ஆபரேட்டர்' என்று எழுதுவதும் வேண்டாம். ஹிட்டாச்சி ஒரு கம்பெனியின் பெயர். மண் தோண்டுகிற அந்த வண்டியை எக்ஸ்கவேட்டர் என்று எழுதி, எத்தனை டன் வண்டி ஓட்டினீர்கள் என்பதையும் சேருங்கள்.

வெளிநாடு போனால்தான் இந்தக் குழப்பம் என்றும் இல்லை. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிற வங்காளக் குடும்பங்கள் 'டோட்டோ' எங்கே என்று கேட்பார்கள். அந்தப் பேரில் ஒரு குழந்தையைத் தேடவில்லை, பேட்டரி ரிக்ஷாவைத்தான் கேட்கிறார்கள். வடகிழக்கிலிருந்து வருகிறவருக்கு 'சுமோ' என்பது ஆள் சேர்த்து மலையேறுகிற ஷேர் டாக்ஸி. ஆட்டோவில்தான் சண்டையே வருகிறது. கொல்கத்தாவில் ஆட்டோ குறிப்பிட்ட ரூட்டில் ஓடும், தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். அந்தக் கணக்கோடு காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ஏறி உட்காருகிறவரிடம் முழு வண்டி வாடகை கேட்டால் ஏமாற்றுகிறார்கள் என்றே நினைப்பார். டிரைவர் அண்ணன்களும் லாட்ஜ்காரர்களும் 'ஆட்டோ வேணுமா' என்பதோடு நிறுத்தாமல், வண்டி முழுக்க உங்களுக்குத்தான், இது மொத்த வாடகை, தலைக்கு இல்லை என்று பெட்டியை ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.