அப்பா வேஷத்துலயே காலம் தள்றது எப்படி

சிங்கப்பூர் தமிழ் டிவி நாடகத்துல ஹீரோ ஆகுறது எப்படின்னு எனக்கு தெரியாது, அத வேற யார்கிட்டயாவது கேட்டுக்குங்க. அப்பா, மாமனார், டாக்டர், இன்ஸ்பெக்டர், பொணம், இத வச்சே தலமுடி கொட்டுற வரைக்கும் ஓட்டணும்னா நா சொல்றேன். மீடியாகார்ப் டிவி நிலையம் கால்டிகாட் ஹில்ல இருந்தப்போ அங்க ஏறி எறங்குன காலத்துலேர்ந்து பாக்குறேன், 2015 கடைசில ஒன்-நார்த்ல அதுக்கு புது கட்டடம் தொறந்தாச்சு, ஹீரோங்க எத்தனயோ பேரு வந்தாங்க போனாங்க, அப்பாவுக்கு மட்டும் எப்பவும் ஆளு தேவ.

மொதல்ல சாப்பாட்டு சீன். புதுசா வர்றவங்க பிரியாணிய பாத்ததும் நெஜமாவே சாப்ட ஆரம்பிச்சிடுவாங்க, ஆனா அதே சீன வைடுல ஒரு தடவ, ஒங்க க்ளோசப்ல ஒரு தடவ, எதிர்ல ஒக்காந்திருக்குற மருமக க்ளோசப்ல ஒரு தடவன்னு எடுப்பாங்க, ஒவ்வொரு தடவையும் அதே வசனத்துல அதே அளவு எடுத்து வாயில வைக்கணும், இல்லன்னா கன்டினியூட்டி பாக்குற பொண்ணு மொறைக்கும். அதனால பெசஞ்சிக்கிட்டே இருங்க. கோவக்கார அப்பான்னு நல்ல பேரும் கெடைக்கும்.

பொண வேஷம்தான் இருக்குறதுலயே கஷ்டம், யாரும் நம்ப மாட்டாங்க. வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்ல எடுத்தா சவுண்டுக்காக ஃபேன், ஏர்கான் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுவாங்க, மூக்குல பஞ்சு, கழுத்துல மால, பொணத்துக்கு வேர்க்கவும் கூடாது. வேட்டி மடிப்புல டிஷ்யூ வச்சிக்கங்க. மூச்ச ரொம்ப நேரம் அடக்காதீங்க, அடக்குனா அப்புறம் நெஞ்சு தூக்கிப் போடும். கேமரா மூஞ்சிகிட்ட வரும்போது மட்டும் நிறுத்திட்டு மத்த நேரம் வயித்தால மெதுவா விடுங்க, மால மறைச்சிடும். அழுவுறவங்க எந்தப் பக்கம் விழுவாங்கன்னு முன்னாடியே கேட்டு வச்சிக்கங்க. தூங்கிடாதீங்க, கொறட்ட விட்ட பொணத்த பாத்திருக்கேன் (நா இல்ல).

சட்ட பெரும்பாலும் ஒங்களோடதுதான். பொடி கட்டம், பொடி கோடு வேணாம், கேமராவுல அலையடிக்கும்.

காசு விஷயம். ஃப்ரீலான்ஸ்னா சிபிஎஃப் (மத்திய சேமநிதி) போட முதலாளி கெடையாது, செலவு போக வருஷத்துக்கு 6,000 வெள்ளிக்கு மேல சம்பாதிச்சா மெடிசேவ், அதான் அதுல இருக்குற மருத்துவச் சேமிப்பு, அத நீங்களே கட்டணும். இன்வாய்ஸ் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, பகல் வேலயையும் விட்றாதீங்க, அது இல்லாம நடிப்ப நம்பி வீட்டுக் கடன் கட்டுன அப்பாவ நா நாடகத்துல கூட பாத்ததில்ல.

கடைசியா புகழ். தேக்கா மார்க்கெட்டுக்கு போனா ஒரு ஆன்ட்டி நிறுத்தி, "நீங்க போன வாரம் செத்துட்டீங்கல்ல?"ன்னு கேப்பாங்க. ஒங்க பேரச் சொன்னா முழிப்பாங்க, நாடகத்துல வந்த பேரச் சொல்லுங்க, ஒடனே கையப் புடிச்சிக்குவாங்க. நல்லா செத்திருந்தா மீன்காரரு வெலய கொறைப்பாரு. டாக்டரா நடிச்சிருந்தா கொறைக்க மாட்டாரு, முட்டி வலிக்கு மாத்திர கேப்பாரு.