பெரணியா, கொடியா? வீட்டில் எதை வளர்க்கலாம், எப்படி வளர்க்கலாம்

ஒரே நாளில் ஒரு பாஸ்டன் பெரணியும் (ஃபெர்ன்) ஒரு மணி பிளான்ட் கொடியும் வாங்கி வந்தேன். இரண்டையும் ஒரே ஜன்னலோரம் வைத்து, ஒரே நேரத்தில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினேன். இரண்டே மாதத்தில் பெரணி முறுகிப்போய்ச் சிற்றிலைகளைத் தரையெங்கும் உதிர்த்தது. மணி பிளான்ட்டோ அடித்தண்டு கறுத்து அழுக ஆரம்பித்தது. ஒன்று தாகத்தில் போனது, மற்றது தண்ணீரில் போனது. அதற்குப் பிறகு தேறி வந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இவை எங்கிருந்து வந்தவை என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். பாஸ்டன் பெரணியின் மூதாதை அமெரிக்கக் கண்டங்களின் ஈரக் காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும் வளர்வது. மணி பிளான்ட்டின் பூர்விகம் பசிபிக் கடலின் மோரியா தீவு. அங்கே அது மரத்தைப் பற்றி ஏறும். மழை பெய்தால் நனைந்து, நின்றதும் உலர்ந்து, மறுபடி நனையும். பெரணிக்கு ஈரம் அறுந்துபோகக் கூடாது, கொடிக்கு இடையிடையே உலர்ச்சி வேண்டும். இந்த வேறுபாடு கீழே எல்லாப் படியிலும் வரும்.

படி 1: இடம்

உச்சி வேளையில் வைக்கப்போகும் இடத்துக்கு ஓர் அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் மங்கலாக, ஓரம் கலங்கித் தெரிந்தால் இரண்டு செடிக்கும் ஏற்ற இடம். நிழல் கறுப்பாக வெட்டினாற்போல விழுந்தால் பெரணியின் இலை கருகும். நிழலே விழவில்லையென்றால் கொடி சமாளிக்கும், பெரணி மெலிந்துகொண்டே போகும்.

ஏசி காற்றோ மின்விசிறிக் காற்றோ நேராக அடிக்கும் இடம் பெரணிக்கு ஆகவே ஆகாது. ஜன்னல் உள்ள குளியலறை அதற்குச் சொர்க்கம். தோட்டத்தில் வைப்பதானால் மரத்தடியோ காலை வெயில் மட்டும் படும் சுவரோரமோ போதும்.

படி 2: தொட்டியும் மண்ணும்

பெரணிக்கு பிளாஸ்டிக் தொட்டி, கொடிக்கு மண் தொட்டி. இதில் நான் கொஞ்சம் பிடிவாதம். மண் தொட்டியின் சுவர் வழியாக ஈரம் வெளியேறும். அது கொடிக்கு நல்லது, பெரணிக்குக் கெடுதல். பெரணிக்கு இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு பெர்லைட் (லேசான வெள்ளைத் துகள்கள்). கொடிக்கு நார்க்கழிவைக் குறைத்து, கரடுமுரடான மரப்பட்டைத் துண்டுகளைச் சேருங்கள். அடியில் துளை இருக்கட்டும்.

படி 3: தண்ணீர் (நான் தடுமாறியது இங்கேதான்)

பெரணிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு முறையும் அடித்துளை வழியாகத் தண்ணீர் வடிவதைப் பார்ப்பேன். வடிந்துவிட்டது, அப்படியானால் மண் நனைந்துவிட்டது என்று நினைத்தேன். இலைகள் காயக் காய, தண்ணீர் அதிகமாகிவிட்டதோ என்று பயந்து அளவைக் குறைக்கவும் செய்தேன்.

ஒருநாள் செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. வெளிச்சுற்றில் விரல் கனத்துக்கு மட்டும் மண் நனைந்திருந்தது. நடுவில் இருந்த வேர்ப்பந்து தக்கை மாதிரி லேசாக, கிள்ளினால் தூள் பறக்கிற மாதிரி உலர்ந்து கிடந்தது. நர்சரித் தொட்டிகளில் பலவற்றில் நிரப்பியிருப்பது பீட் பாசிக் கலவை (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி). அது ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகிக்கொள்ளும், தண்ணீரையும் ஏற்க மறுக்கும். மேலே ஊற்றுவதெல்லாம் அந்த இடைவெளி வழியாகவே இறங்கித் துளையில் வந்துவிடும். செடிக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது. நார்க்கழிவு காய்ந்தாலும் சீக்கிரம் மறுபடி ஈரம் பிடிக்கும். அதனால்தான் மேலே அதைச் சொன்னேன்.

இதற்கு வழி எளிது. ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து, தொட்டியின் முக்கால் உயரம் மூழ்கும்படி உட்கார வையுங்கள். மேலே மிதந்து சாய்ந்தால் கையால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். மண்ணிலிருந்து குமிழ்கள் கிளம்பி வரும். குமிழ் நின்று, மேல்மண் தானாக ஈரமாகக் கறுக்கும் வரை விடுங்கள். எனக்கு அரைமணி நேரம் ஆனது. பிறகு வெளியே எடுத்து நன்றாக வடியவிட்டு, தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பாருங்கள். அந்தக் கனத்தைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். அடுத்த முறை தூக்கும்போது பாதிக் கனம் குறைந்ததாகத் தோன்றினால் தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். ஈரமானி வாங்கியும் பார்த்தேன். இப்படி லேசான கலவையில் அது காட்டுவதை நம்ப முடியவில்லை. கையே போதும்.

கொடிக்கு நேர்மாறு. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். சந்தேகமாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். இலை லேசாகத் துவண்ட பிறகு ஊற்றினாலும் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். வேர் அழுகிவிட்டால் அப்படி மீள்வது கடினம்.

தெளிப்பானால் பெரணி இலைமேல் தண்ணீர் அடிப்பதை நான் விட்டுவிட்டேன். அதனால் வரும் ஈரப்பதம் சில நிமிடங்களில் போய்விடுகிறது. அந்தக் காசுக்கு நீண்ட மூக்குள்ள பூவாளி ஒன்று வாங்குங்கள். இலைக் கூட்டத்தை விலக்கி வேரடியில் ஊற்ற வசதியாக இருக்கும்.

படி 4: கொடியிலிருந்து புதுச் செடி

மணி பிளான்ட் தானாகப் பூப்பது மிக மிக அரிது. பூக்கத் தேவையான ஜிப்ரலின் என்ற ஹார்மோனை அதனால் போதிய அளவு உண்டாக்க முடியவில்லை என்று 2016-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். பூ இல்லை, அதனால் விதையும் இல்லை. தண்டை வெட்டித்தான் பெருக்க வேண்டும்.

வெட்டும்போது கணு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் தண்டு சற்றுப் புடைத்திருக்கும். அதன் எதிர்ப்புறத்தில் பழுப்பு நிறத்தில் சிறு முனை ஒன்று தெரியும். அதுதான் வேர் முனை. அந்தப் புடைப்புக்கு இரண்டு செண்டிமீட்டர் கீழே வெட்டி, கணு மூழ்கும்படி தண்ணீரில் வையுங்கள். கணு இல்லாமல் இலையையும் காம்பையும் மட்டும் வைத்தால் சில சமயம் வேர்கூட விடும், ஆனால் அதிலிருந்து கொடி ஒருபோதும் கிளம்பாது. தளிர் வரும் மொட்டு இருப்பது கணுவில்தான். வேர் விரல் நீளம் வளர்வதற்குள் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

படி 5: பெரணியைப் பிரிப்பது

தொட்டியிலிருந்து உருவி, கூர்மையான கத்தியால் வேர்ப்பந்தை இரண்டாக அறுத்துத் தனித்தனியாக நடுங்கள். அவ்வளவுதான். மெல்லிய நூல்போல இலையில்லாமல் நீண்டு தொங்கும் தண்டுகளைக் காய்ந்த வேர் என்று வெட்டி எறிந்துவிடாதீர்கள். அவை ஓடுதண்டுகள். மண்ணைத் தொட்ட இடத்தில் அவை புதுச் செடி விடும்.

படி 6: ஏற்றுவதா, தொங்கவிடுவதா

1894-இல் பாஸ்டன் நகருக்கு அனுப்பப்பட்ட வாள் பெரணிகளுக்கு (மேலே சொன்ன மூதாதைக்கு) நடுவே, இலை நிமிர்ந்து நிற்காமல் வளைந்து தழையும் செடி ஒன்று கண்ணில் பட்டது. இன்றைய பாஸ்டன் பெரணி அதன் வழி வந்தது. அந்த வளைவின் அழகு தொங்கும் தொட்டியில்தான் தெரியும். தரையில் வைத்தால் அடியிலைகள் நசுங்கும்.

கொடியைத் தொங்கவும் விடலாம், ஆனால் நான் ஏற்றத்தான் சொல்வேன். தொங்கும் கொடியில் இலை சிறுத்துக்கொண்டே போகும். பற்றுவேர் ஊன்றி மேலே ஏறினால் இலை பெரிதாகும். காட்டில் மரமேறிய கொடியின் இலை ஒரு மீட்டர் நீளம்கூட வளரும், ஓரம் கிழிந்து பிளவுபடும். வீட்டில் அந்த அளவு வராது, இருந்தாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நார் சுற்றிய கம்பை நட்டு, கணுக்கள் கம்பைத் தொடும்படி சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். கம்பி வேண்டாம், தண்டை அறுக்கும். கம்பை ஈரமாகவே வைத்திருங்கள். உலர்ந்த கம்பில் வேர் ஊன்றாது.

பின்சேர்க்கை 1: பெரணி இலையடியில் பழுப்புப் புள்ளிகள், பூச்சி மருந்து அடிக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். நடு நரம்பின் இருபுறமும் கோத்து வைத்தாற்போல ஒரே சீராக வரிசையாக இருந்தால் அவை வித்துப் பைகள். பெரணிக்குப் பூ கிடையாது, விதைக்குப் பதிலாக அந்தப் பைகளில் உள்ள தூளால் அது இனம் பெருக்குகிறது. புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்து, நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வந்து, இலையும் பிசுபிசுத்தால் அது செதில் பூச்சி. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பின்சேர்க்கை 2: "நான் வாங்கிய பெரணியில் முள்ளும் சிவப்புப் பழமும் இருக்கிறதே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது அஸ்பரகஸ் ஃபெர்ன். பெயரில்தான் பெரணி, உண்மையில் தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு. அடியில் நீர் சேமிக்கும் கிழங்குகள் உண்டு. மேலே சொன்னபடி ஈரத்திலேயே வைத்தால் அழுகிவிடும்.

பின்சேர்க்கை 3: இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மணி பிளான்ட்டின் இலையிலும் தண்டிலும் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. பூனையோ நாயோ குழந்தையோ கடித்தால் வாய் எரியும், எச்சில் வடியும், வாந்தியும் வரலாம். வெட்டும்போது சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பாஸ்டன் பெரணி பூனைக்கும் நாய்க்கும் நஞ்சில்லை. அஸ்பரகஸ் ஃபெர்னுக்கு இது பொருந்தாது, அதன் பழம் அவற்றுக்கு ஆகாது. தண்ணீர் ஊற்ற மறப்பவர்களுக்கு நான் எப்போதும் கொடியைத்தான் சொல்வேன், ஆனால் வீட்டில் இலையை மெல்லும் பூனை இருந்தால் கொடியை விட்டுவிட்டுப் பெரணியையும் ஒரு வாளியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.