மண்ணுக்க கிடந்த டைம் கேப்சூல் நனைஞ்சு போயிருந்தா

போன மாசம் வெள்ளவத்தையில தெரிஞ்ச ஆக்கள் வீட்டு முத்தத்தில கன வருசம் கழிச்சுத் திறந்து பாக்கவெண்டு 1998ல கடிதம், போட்டோ, கசட், சில்லறைக் காசு எல்லாம் போட்டுப் புதைச்ச பிஸ்கட் ரின்னைத் தோண்டி எடுத்தம், பொலித்தீன் சுத்தி டேப் எல்லாம் அடிச்சுத்தான் வச்சவை, எண்டாலும் கொழும்பு மழைக்கு அது எந்த மூலைக்கு, மூடியைத் திறந்தா அரைக் கோப்பை பழுப்புத் தண்ணி. அந்த வீட்டு அன்ரி உடனே கடிதத்தை எல்லாம் மதில்ல வெயிலுக்குக் காயப்போட வெளிக்கிட்டா. வேண்டாம் அன்ரி எண்டு மறிச்சது நான்தான். வெயில்ல கடதாசி சுருண்டு போகும், மையும் வெளிறும்.

நனைஞ்ச கடதாசியில ரெண்டு நாளுக்குள்ளயே பூஞ்சணம் வரத் தொடங்கிடும், அதால கனக்கக் கிடந்தா எல்லாத்தையும் ஒரே நாளில காய வைக்க ஏலாது, மிச்சத்தை ஒயில் பேப்பர் இடையில வச்சு சிப் பாக்ல போட்டு பிரீசர்ல வையுங்கோ. மாசக்கணக்கில தாங்கும். கசட்டை மட்டும் அதுக்க வைக்காதேங்கோ.

ஒட்டிப்போன போட்டோவைப் பிய்க்கவே கூடாது, பிய்ச்சா ஒராளின்ர முகம் மற்றப் படத்தோட போயிடும். தட்டில சுத்தமான குளிர் தண்ணி விட்டு அப்பிடியே போட்டு வையுங்கோ, படத்துக்கு மேல இருக்கிற ஜெலட்டின் பூச்சு ஊறி தானா விலகும். எங்களுக்கு ஒரு சோடி விலக முக்கால் மணித்தியாலம் எடுத்தது. ஓரத்தில மட்டும் பிடிச்சு எடுத்து முகம் மேல பாக்கக் காய விடுங்கோ. வீட்டு பிரிண்டர்ல அடிச்ச படமெண்டா தண்ணியில போடவேண்டாம், கலர் கரைஞ்சிடும்.

மடிச்ச கடிதத்துக்கு முந்தி புரொஜெக்டருக்குப் பாவிச்ச கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள், ஓஎச்பி ஷீட் எண்டுறது, ஒண்டு போதும், ஈரக் கடதாசி அதில ஒட்டிக்கொண்டு கிழியாம எழும்பும். கீழ வெள்ளை டிசு விரிச்சு ஃபானை சுவர்ப் பக்கம் திருப்பி விடுங்கோ. நியூஸ் பேப்பர் விரிச்சா அந்த மை கடிதத்தில ஏறும்.

சில்லறைக் காசைப் புளி போட்டு மினுக்காதேங்கோ. கசட்டைக் காயாம பிளேயர்ல போடாதேங்கோ. பூஞ்சணம் பிடிச்சதை மாஸ்க் போட்டு வெளியில வச்சுத்தான் தட்டவேணும்.

காஞ்சாப்பிறகு லேமினேட் பண்ணச் சொல்லி கடைக்காரர் கேப்பினம், ஓமெண்டாதேங்கோ, பிறகு கழட்டேலாது. போனில ஸ்கேன் பண்ணிப்போட்டு சிலிக்கா ஜெல் பக்கற்றோட காத்துப் புகாத டப்பாவில வையுங்கோ. உண்மையிலயே பெறுமதியான சாமானெண்டா கொழும்பு 7ல இருக்கிற தேசிய சுவடிக்கூடத்தில போய்க் கேளுங்கோ.

ரின்னைத்தான் எறியச் சொன்னனான், துரு திரும்பக் கடதாசியில இறங்கும் எண்டு. அன்ரி அதுக்க இப்ப கறிவேப்பிலைக் கண்டு நட்டிருக்கிறா.